விருந்தில் எடுத்துவிட்ட ‘ஆச்சரியத் தகவல்’ என் தலையிலேயே விழுந்தது. நிஜமானதாக நாலு சொல்லுங்களேன்

பனியன் கணக்கு (கேள்வி)

எனக்கு 32 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பேச்சு ஓய்ந்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. உடனே “உங்களுக்குத் தெரியுமா...” என்று ஆரம்பித்துவிடுவேன். சின்ன வயதில் வாரமலர், சிறுவர்மலர் துணுக்குகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்தவன். அந்த வியாதி இன்னும் தீரவில்லை.

போன தையில் கல்யாணம். மாமனார் வீடு கும்பகோணம் பக்கம். தலை தீபாவளிக்குப் போயிருந்தோம். இலை போட்டு, அதிரசம், உக்காரை எல்லாம் முடிந்து, கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். திடீரென்று ஒரு அமைதி. புது மாப்பிள்ளை ஏதாவது பேச வேண்டாமா? “தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தோட நிழல் தரையிலேயே விழாதாமே!” என்று எடுத்துவிட்டேன். சோழ நாட்டில் உட்கார்ந்துகொண்டு சோழன் பெருமை பேசினால் மார்க் கிடைக்கும் என்று ஒரு கணக்கு.

என் சின்ன மாமனார் பிறந்தது முதல் தஞ்சாவூர். கீழவாசல்காரர். பாக்கை மென்று முடித்து, நிதானமாகச் சொன்னார்: “மாப்பிள்ளை, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நாங்க பத்து பேரு அந்த நிழல்லதான் உக்காந்து கடலை திம்போம். நாளைக்கு வேணா வாங்க, அந்த இடத்தக் காட்டறேன்.”

கூடமே சிரித்தது. யாரும் குத்தலாகச் சிரிக்கவில்லை, அது உண்மை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டில் ‘நிழல் மாப்பிள்ளை’ என்று பெயர். வாண்டுகள்கூட நான் வெயிலில் போனால் “மாமாவுக்கு நிழல் விழுது பாரு” என்கிறார்கள்.

ஆபீஸில் வேறு விதமான அடி. அங்கே நான் சொல்வது பொய் இல்லை, ஆனால் எடுபடாது. டீ நேரத்தில் பஜ்ஜி கடித்துக்கொண்டு, “தாவரவியல் கணக்குப்படி வாழைப்பழம் ஒரு பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே இல்லை” என்றேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் கேட்டார்: “சரி, அதுக்கு இப்ப என்ன?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நிஜமாகவே, அதற்கு இப்போது என்ன?

என் மனைவி, “நீங்க சொல்றது எல்லாம் காலைல வர்ற குட் மார்னிங் மெசேஜ் மாதிரி இருக்கு. படிச்சுட்டு யாரும் பதில் போட மாட்டாங்க” என்கிறாள்.

மாசியில் என் மைத்துனிக்கு வளைகாப்பு. அதே கூடம், அதே ஆட்கள், அதே சின்ன மாமனார். பேசாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது, முயற்சி செய்து பார்த்தாயிற்று. அதனால் கேட்கிறேன். சொன்னால் யாராலும் கவிழ்க்க முடியாத, உண்மையான, அதே சமயம் “அதுக்கு இப்ப என்ன” என்று யாரும் கேட்காத தகவல் உங்களிடம் இருக்கிறதா? எப்படி எடுத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

சாக்பீஸ் தூள்

தம்பி, நான் சென்னையில் 31 வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஆறாவது பீரியடில் நாற்பது பிள்ளைகளைத் தூங்காமல் பார்த்துக்கொண்ட அனுபவத்தில் சொல்கிறேன். “உங்களுக்குத் தெரியுமா” என்ற தொடக்கத்தை முதலில் விடுங்கள். அதைக் கேட்டதுமே எதிரில் இருப்பவர் மாணவர் ஆகிவிடுகிறார். வளைகாப்புக்கு வந்த இடத்தில் யாருக்கு மாணவராக ஆசை?

அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லிலிருந்து தொடங்குங்கள். எங்கள் வீட்டுப் பக்கம் கறாரான ஆளை, கில்லாடியை “அவன் சரியான எம்டன்” என்பார்கள். உங்கள் பக்கமும் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். யாராவது அப்படிச் சொல்லும்போது, “ஆமா, இந்த எம்டன் யாரு?” என்று சும்மா கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். (உங்களுக்கு இதுதான் கஷ்டம் என்று தெரிகிறது.)

எம்டன் ஆள் இல்லை, ஜெர்மானியப் போர்க்கப்பல். முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து நின்று, துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. பதிலுக்கு இங்கிருந்து பீரங்கி சரியாகக் குறி பார்ப்பதற்குள் கப்பல் விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாளிலிருந்து ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்கள் ஏராளம். உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை முடித்துவிட்டது. கப்பல் கரை தட்டிப் போனாலும் அதன் பெயர் நம் வாயில் தங்கிவிட்டது.

இதை நான் வகுப்பில் சொன்ன ஒவ்வொரு வருடமும் மறுநாள் இரண்டு மூன்று பிள்ளைகள் வீட்டுக் கதையோடு வருவார்கள். “எங்க கொள்ளுத்தாத்தா அப்ப மாட்டு வண்டி கட்டிக்கிட்டு ஊரை விட்டுப் போனாராம் மிஸ்.” நான் சொன்னதைவிட அதுதான் நன்றாக இருக்கும். உங்கள் கட்டிங் மாஸ்டர் கேட்டதற்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது. வாழைப்பழம் பெர்ரி என்றால் அவர் மேற்கொண்டு சொல்ல என்ன இருக்கிறது? பாவம், பஜ்ஜியைத்தான் கடிக்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. எம்டன் பேச்சு வந்ததும் யாராவது ஒருவர் “அதில் செண்பகராமன் பிள்ளை வந்தார்” என்பார். அவர் ஐரோப்பாவில் இருந்துகொண்டு விடுதலைக்குப் பாடுபட்டவர் என்பது சரி. கப்பலில் வந்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சபையில் மறுத்துச் சண்டை போடாதீர்கள். நீங்களாக அதைச் சொல்லாமல் இருந்தால் போதும், ஏற்கெனவே ஒரு பட்டப்பெயர் இருக்கிறது.

நல்லூர்ப் பொடியன்

நான் யாழ்ப்பாணம், இப்ப இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். மேலே ரீச்சர் சொன்னது முற்றிலும் சரி. சொல்லில் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம்.

இங்கே என்னுடைய அறையில் சென்னைப் பொடியன் ஒருவன் இரண்டு வருடம் இருந்தான். நான் ‘குசினி’ என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். “அடுப்படின்னு சொல்லுடா, அது என்ன குசினி?” ஒருநாள் கோபம் வந்து பந்தயம் கட்டினேன். “ஒரு மணித்தியாலம் போர்த்துக்கீசச் சொல் ஒன்றும் இல்லாமல் கதை பாப்பம், தோற்றால் இந்தக் கிழமை சமையல் உன்னுடையது.” அவனுக்குச் சிரிப்பு. தமிழன் ஏன் போர்த்துக்கீசம் கதைக்கப் போகிறான்? எழும்பி, “சரி, முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து, குளிருது” என்றான். முடிந்தது கதை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, ஏலம், பாதிரி, துவாலை எல்லாமே அவர்கள் விட்டுப்போனவை. எங்கள் பக்கம் இன்னும் கனக்க. கதிரை (நாற்காலி), பாண் (ரொட்டி), சப்பாத்து (காலணி), தாச்சி (வாணலி), குசினி. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்கள் 1658 வரைக்கும் இருந்தார்கள். நாற்பது வருடம்கூட முழுதாக இல்லை, ஆனால் குசினிக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அலுவலகத்துக்குக் ‘கந்தோர்’, மேசை இழுப்பறைக்கு ‘லாச்சி’ என்று தந்தார்கள். அம்மம்மா “கந்தோருக்குப் போட்டு வாறன்” என்று தாத்தா சொல்வதைப் போலச் செய்து காட்டுவா. நாங்கள் அதைச் சுத்தத் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தமிழ்நாட்டாரும் ஒல்லாந்தரிடம் வாங்கியிருக்கிறீர்கள். துட்டு அவர்களுடைய சின்னக் காசின் பெயர். ‘கக்கூஸ்’ என்பதும் அவர்களுடையதுதான், ஆனால் அதை வளைகாப்புப் பலகாரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டாம் அண்ணை.

அந்தப் பந்தயத்தை அப்படியே உங்கள் கூடத்தில் கட்டிப் பாருங்கள். நீங்கள் தகவல் சொன்ன மாதிரியே இராது, விளையாட்டு மாதிரி இருக்கும். சாவியில் ஒருவர் விழுவார், ஜன்னலில் ஒருவர் விழுவார்.

ஸ்ட்ராங் ஒண்ணு லைட் ஒண்ணு

மதுரையில் டீக்கடை வைத்திருக்கிறேன். என் கடையில் ஓடுகிற ஒன்றைச் சொல்கிறேன். கேரள லாரி டிரைவர்கள் “சாயா” என்பார்கள், நாம் “டீ” என்போம். இரண்டும் ஒரே சீனச் சொல்தான். சீனாவில் ஃபூஜியன் கடற்கரைப் பக்கம் ‘தே’ என்பார்கள், மற்ற பல இடங்களில் ‘சா’. டச்சுக் கப்பல்காரர்கள் அந்தக் கடற்கரையில் சரக்கு எடுத்ததால் ஐரோப்பா பெரும்பாலும் ‘தே’ பக்கம் போனது. நிலம் வழியாகப் பாரசீகம் பக்கம் போனது ‘சாய்’ ஆனது. நம் தேயிலையில் இருக்கிற ‘தே’ அந்தக் கடற்கரை ‘தே’தான்.

டிரைவர்கள் இதைக் கேட்டுவிட்டு இன்னொரு டீ சொல்கிறார்கள். எனக்கு அது போதும்.

வாயாடி வீட்டுக்காரி

என் வீட்டுக்காரரும் இதே ரகம். நாங்கள் ஒரு நாளைக்கு ஒன்று என்று கோட்டா வைத்திருக்கிறோம். காலையிலேயே ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று செலவழித்துவிட்டால் ராத்திரி வரை வாய் திறக்கக் கூடாது. நேற்று இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, “பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, அதற்கான மரபணு வேலை செய்யாது” என்றார். நான் பதில் சொல்லவில்லை. பூனைக்கு ஒரு துண்டு மைசூர்பாகு போட்டுப் பார்த்தேன். மோந்துவிட்டுப் போய்விட்டது. அன்றைக்குக் கோட்டாவைத் தாண்டி இன்னொன்று சொல்ல அனுமதித்தேன்.

இரண்டாம் ஷிப்ட்

ஓசூரில் மெஷினிஸ்ட். கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், பக்கத்து சீட்டில் ஒரு ‘ஃபார்வர்டு’ மன்னர். அவரிடம் பட்டுப் பட்டு எனக்கு ஒரு மூக்கு வந்துவிட்டது. “நாசாவே அதிர்ந்தது”, “வெளிநாட்டு விஞ்ஞானிகள் வியப்பு” என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். எந்த விஞ்ஞானி என்று பெயர் இருக்காது.

திருநள்ளாறுக்கு மேலே போகும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடும் என்று ஒன்று சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் பாதிப் பேர் அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தாழ்வாகச் சுற்றுகிற செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் போகிறது. அந்த வேகம் இருப்பதால்தான் அது கீழே விழாமல் இருக்கிறது. நின்றால் அப்புறம் விழ வேண்டியதுதான். பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்பது போல் இருக்கும் ரகமும் உண்டு, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஆனால் அவை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலேதான் அப்படி நிற்க முடியும். திருநள்ளாறு அங்கிருந்து வடக்கே சுமார் 11 பாகை. ஆக, நிற்பது திருநள்ளாறு மேலே இல்லை, திருநள்ளாறு மேலே போவது நிற்பதில்லை. சனீஸ்வரருக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை, அவர் பாட்டுக்கு இருக்கிறார்.

சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்பதும் இதே கதிதான். 2003இல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவெய், திரும்பி வந்து தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

சரி, உங்கள் நிழல் விஷயத்துக்கு வருகிறேன். அது முழுப் பொய் இல்லை நண்பரே. நீங்கள் பாதியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். விமானம் அடியில் அகலம், மேலே போகப் போகக் கூம்புகிறது. சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும் நாட்களில், நடுப்பகலில், அதன் நிழல் தன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே நீளாது. இதைப் பார்த்த யாரோ சொன்னது நாளடைவில் ‘விழவே விழாது’ என்று ஆகியிருக்கலாம். தீபாவளி சமயத்தில் சூரியன் தெற்கே போய்விடும், அப்போது நடுப்பகலில்கூட நிழல் வடக்குப் பக்கம் நீளும். நீங்கள் சொன்ன மாதமே தப்பு.

இதைவிட நல்ல விஷயம் ஒன்று. சூரியன் நேர் உச்சிக்கு வருவது எல்லா ஊருக்கும் வாய்க்காது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும், வருடத்துக்கு இரண்டு நாள். தமிழ்நாடு முழுக்க ஏப்ரலில் ஒரு நாள், மறுபடி ஆகஸ்ட் பிற்பாதியை ஒட்டி ஒரு நாள். ஊருக்கு ஊர் தேதி கொஞ்சம் மாறும், தெற்கே இருப்பவர்களுக்கு ஏப்ரலில் முன்னதாக வரும். தஞ்சாவூருக்கு ஏப்ரல் மூன்றாம் வாரம். அன்று நடுப்பகலில் தரையில் செங்குத்தாக நிற்க வைத்த குழாய்க்கு நிழல் இருக்காது. நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகைக்குச் சரி செய்தது, அதனால் 12 மணிக்குப் பார்க்காதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடம் தாண்டும். டெல்லிக்காரர்கள் ஆயுசு முழுக்கக் காத்திருந்தாலும் அவர்கள் ஊரில் இதைப் பார்க்க முடியாது.

போன வருடம் கம்பெனி வாசலில் ஒரு பைப்பை நிற்க வைத்தேன். ஃபார்வர்டு மன்னர் உட்பட இருபது பேர் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அவர் உடனே போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். தலைப்பு: “நாசாவே அதிர்ந்தது”.

பனியன் கணக்கு (மூன்று வாரம் கழித்து)

வளைகாப்பு முடிந்தது. ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

எம்டனுக்கு வாய்ப்பே வரவில்லை. யாரும் யாரையும் எம்டன் என்று சொல்லவில்லை. நானும் காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். ரீச்சரம்மா, மன்னிக்கவும்.

ஜன்னல் பந்தயத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வாண்டுகளிடம் போட்டேன், பெரியவர்களிடம் தைரியம் வரவில்லை. முதல் பத்து நிமிடம் யாரும் விழவில்லை, ஏனென்றால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வீடே அமைதி. மாமியார் உள்ளேயிருந்து வந்து, “என்னடி ஆச்சு இதுங்களுக்கு? அலமாரி சாவி எங்க வெச்சேன்னே தெரியல” என்றதுதான் தாமதம், கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டு! அவருக்கு விஷயத்தைச் சொன்னதும், “அப்ப நம்ம ஊர்ல பூட்டே இல்லையா?” என்று கேட்டார். பூட்டு நம்முடையது அத்தை என்றேன். “பூட்டு நம்மது, சாவி அவனுதா? நல்லாருக்கு நியாயம்” என்று சொல்லிவிட்டுச் சாவியைத் தேடப் போனார். அது பிறகு மூன்று தடவை அந்த வீட்டில் மறுபடி சொல்லப்பட்டது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

நிழல் விஷயத்தை நானாக எடுக்கவில்லை. வாண்டு ஒன்று வழக்கம்போல் ‘நிழல் மாமா’ என்றது. அப்போதுதான் சின்ன மாமனாரிடம், “மாமா, நீங்க கடலை சாப்பிட்ட எடம் எந்தப் பக்கம்? சித்திரை வெயில்ல மத்தியானம் அங்க நிழல் இருக்குமா?” என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “மத்தியானம் அங்க யாரு போனா? கல்லு சுடும், கால் வெக்க முடியாது” என்றார். அப்புறம் மறுபடி யோசித்தார். நான் ஓசூர் நண்பர் சொன்னதை வெற்றிலைத் தட்டில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, கைபேசி விளக்கை மேலே பிடித்துக் காட்டினேன். விளக்கைச் சாய்த்தால் நிழல் நீண்டது, நேராகப் பிடித்தால் காணோம். மூன்று பேர் என் கையிலிருந்து விளக்கைப் பிடுங்கித் தாங்களே செய்து பார்த்தார்கள்.

இப்போது ஏப்ரல் மூன்றாம் வாரம் எல்லோரும் தஞ்சாவூர் போவதாக ஏற்பாடு. சின்ன மாமனார் தினமும் போன் செய்கிறார். வெறுங்காலோடு கல்லில் நிற்பதற்குச் சாக்கு நனைத்து எடுத்துப் போகலாமா, கோயிலுக்குள் பைப் எடுத்துப் போக விடுவார்களா என்று வரிசையாகக் கேள்விகள். நேற்று ராத்திரி ஒன்பதரைக்குக் கடைசியாக ஒன்று கேட்டார்: “மாப்பிள்ளை, அன்னிக்கு நிழலே இருக்காதுன்னா, கடலைய எங்க உக்காந்து திங்கறது?”